வேகப்பந்து வீச்சாளரின் முதுகு

என் கணவருக்கு முதுகுவலி வந்த அன்று அவர் சந்தோஷமாக இருந்தார். ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டங்களில் அப்படித்தான் சொல்வோம்) வேலை முடிந்து வந்தவர், வாசலில் நின்றபடியே சட்டையைத் தூக்கி, இடுப்புக்குச் சற்று மேலே நடுமுதுகில் விரலை வைத்துக் காட்டினார்.

"இந்தா பாரு சாந்தி, நெட்டையருக்கு வலிச்ச அதே எடம்" என்றார்.

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு நாங்கள் ஐந்து மாதங்களைத் தொலைத்தோம். உங்கள் வீட்டில் யாருக்காவது ஆறாத முதுகுவலி இருந்தால், நீங்களும் அப்படித் தொலைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வழியில் ஒரு தோட்டத்தில், பிள்ளைக் காம்பராவுக்கு (அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம்) பொறுப்பாக இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்தது மட்டுமே.

நெட்டையர் யார் என்று சொல்லிவிடுகிறேன். அவர் எங்கள் சொந்தக்காரர் அல்ல. பாகிஸ்தான் அணிக்கு விளையாடிய வேகப்பந்து வீச்சாளர். என் கணவர் மோகன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நெட்டையர் என்பார், பாசம் கூடினால் "நம்ம நெட்டையர்" என்பார். கல்யாணமான புதிதில் ஏதோ பெரியப்பா முறை என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த மனிதரின் கதை எனக்கு மனப்பாடம். செங்கல் சூளையில் வேலை செய்தவரின் மகன். பதினெட்டு வயதுவரை தோல்பந்தைக் கையில் பிடித்ததில்லை. டென்னிஸ் பந்தைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டி, தெருவில் எறிந்து பழகியவர். யாரோ பார்த்துவிட்டு நகரத்துக்கு அழைத்துப்போய்த் தேர்வில் நிறுத்தியிருக்கிறார்கள். அடுத்த வருடமே நாட்டின் அணியில் இருந்தார். மட்டையாளரின் கால்விரலைக் குறிவைத்து வரும் பந்துதான் அவருடைய ஆயுதம். ஸ்டம்பு சிதறும்போது மற்றவர்களைப்போலக் கத்தமாட்டார், தலையைக் குனிந்து திரும்பி நடந்துவிடுவார். இந்தக் குனிந்த நடையை என் கணவர் கண்ணாடிக்கு முன்னால் பழகியதை நானே பார்த்திருக்கிறேன்.

அவர் இலங்கைக்கு விளையாட வந்தபோது, மோகனும் நாலு கூட்டாளிகளும் பதுளையில் ரயிலேறிக் கண்டிக்குப் போனார்கள். எல்லைக்கோட்டருகே நின்றவரை இவர் தமிழில் "அண்ணே" என்று கூப்பிட, அவர் திரும்பிக் கையை உயர்த்தினாராம். எங்கள் கல்யாணத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் இவருக்குப் பாதி மறந்திருக்கும். அந்தக் கை எந்த உயரம்வரை வந்தது என்று இன்றும் அளந்து காட்டுவார்.

எங்கள் தோட்டத்து அணியின் வேகப்பந்து வீச்சாளர் மோகன்தான். விளையாட்டு நடப்பது பெரட்டுக் களத்தில், காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் அந்தச் சின்ன மேடையில். நெட்டையரைப்போல நீளமாக ஓடி வர அங்கே இடம் போதாது. அதனால் இவர் களத்தைத் தாண்டி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே உள்ள பாதையில் மேலேறிப்போய், அங்கிருந்து ஓடி வருவார். மட்டை பிடிப்பவருக்கு முதலில் காலடிச் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு செடிக்கு மேலே தலை தெரியும். ஆள் முழுதாகத் தெரியும்போது பந்து வந்துவிட்டிருக்கும். மற்றத் தோட்டத்துக்காரர்கள் இதை அநியாயம் என்று பலமுறை முறைப்பாடு செய்திருக்கிறார்கள்.

முதுகுவலி வருவதற்கு ஒரு வருடம் முன்பு, நெட்டையர் ஒரு போட்டியின் நடுவிலேயே முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். கீழ்முதுகு எலும்பில் அழுத்த முறிவு (ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பாரம் விழுவதால் உண்டாகும் மெல்லிய விரிசல்) என்றார்கள். வேகப்பந்து வீசுகிறவர்களுக்கு வரும் காயம். அவர் இனி விளையாடுவாரா என்று யாருக்கும் தெரியவில்லை. அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகவே தனக்கும் முதுகு வலித்தபோது, இவர் அதைப் பதக்கம்போல எடுத்துக்கொண்டார். கூட்டாளிகளும் ஏற்றிவிட்டார்கள். "நம்ம மோகனுக்கும் பாகிஸ்தான்காரருக்கு வந்ததே வந்திருச்சு" என்று லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) முழுவதும் பேச்சு. தோட்டத்து டிஸ்பென்சரியில் வலிக்கு மாத்திரை கேட்டு வாங்கினார். பந்து வீசினதில் பிடித்துக்கொண்டது என்று இவரே நோயின் பெயரையும் சொல்லிவிட்டார்.

இப்போது நினைத்தால், எல்லா அடையாளமும் கண்முன்னே இருந்தது. பின்னேரமானால் உடம்பு கணகணவென்று சுடும். மழைக்காலம், சளிக் காய்ச்சல் என்றோம். காலையில் தலையணை வியர்வையில் நனைந்திருக்கும். காற்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவியது. கொழுப்பு குறைந்து உடம்பு பந்துவீச்சுக்குத் தோதாகிவிட்டது என்று இவர் மகிழ்ந்தார், நான் காற்சட்டையைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். படுத்தால் வலி குறையவேண்டும், இவருக்குக் கூடியது. இவை சேர்ந்து வந்தால் தள்ளிப்போடாதீர்கள். வேறு எதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அடுத்ததைச் சொல்லத்தான் எனக்கு இவ்வளவு நாளானது.

நான் கால் முதலில் வந்து பிறந்தவள். தலைக்குப் பதிலாகக் கால் வெளிவந்து பிறந்தவர்கள் முதுகில் கால் வைத்தால் சுளுக்கும் மூச்சுப்பிடிப்பும் போய்விடும் என்று எங்கள் ஆட்களுக்கு நம்பிக்கை. விடிந்ததும் வெறும் வயிற்றில் வந்து வாசற்படியில் குப்புறப் படுப்பார்கள். நான் கிழக்கே பார்த்து நின்று, இடது காலால் மூன்று முறை மிதிப்பேன். ஆறு வயதிலிருந்து செய்கிறேன். கொழுந்துக்கூடை தூக்கி இடுப்புப் பிடித்தவர்கள், கவ்வாத்து வெட்டி (தேயிலைச் செடியைக் கத்தரித்து) நிமிர முடியாதவர்கள், பக்கத்து டிவிஷன்காரர்கள் (தோட்டத்தின் அடுத்த பிரிவினர்) என்று எத்தனையோ பேர் வந்து, எழுந்து, கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் எனக்கும் ஒரு மிதப்பு இருந்தது, மறைக்கவில்லை. மோகனைப் பந்துக்காரர் என்றார்கள் என்றால் என்னைக் கால்காரி என்றார்கள்.

சித்திரைப் புத்தாண்டுப் போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது. தோட்டங்களுக்கு இடையே நடக்கும் மென்பந்துப் போட்டி. மோகன் இல்லாமல் அணி இல்லை என்றார்கள். மாமியார் என்னிடம், "ஊரே ஒங்கிட்ட வருது, கட்டின புருஷனுக்கு ஒரு தடவ வச்சுப் பாரேன் தாயி" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை, எனக்கும் அதே எண்ணம்தான். மறுநாள் காலை இவர் வாசலில் படுத்தார். நான் மிதித்தேன். மூன்றாவது தடவை கொஞ்சம் அழுத்தியே மிதித்தேன், என் புருஷன் என்ற அக்கறையில்.

எழுந்தவர் முகம் வெளுத்திருந்தது. பிறகு சிரித்து, வலி போய்விட்டது என்றார். அன்று பின்னேரமே பயிற்சிக்குக் கிளம்பிவிட்டார்.

பிள்ளைக் காம்பரா களத்துக்கு மேலே இருக்கிறது. பிள்ளைகளை அம்மாமாரிடம் ஒப்படைத்துக்கொண்டே பார்த்தேன். இவர் நாலைந்து பந்து வீசினார். அடுத்த பந்துக்குத் தேயிலைக்குள் ஏறிப்போனார். கீழே மட்டை பிடித்தவர் குனிந்து தயாராக நின்றார். காலடிச் சத்தம் தொடங்கியது, வேகமெடுத்தது, சட்டென்று நின்றுவிட்டது. செடிக்கு மேலே தலை தெரியவில்லை. மட்டைக்காரர் வெகுநேரம் அப்படியே குனிந்து காத்திருந்தார்.

நான் ஓடிப்போனபோது பாதையில் மல்லாந்து கிடந்தார். அழவில்லை, கத்தவில்லை. "கால் ரெண்டும் எங்க இருக்குன்னு தெரியல சாந்தி" என்றார்.

பதுளை ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. (காந்தத்தின் உதவியால் உடம்புக்குள் எடுக்கும் படம்) எடுத்தார்கள். முதுகில் ஊசி ஏற்றிச் சீழ் எடுத்துச் சோதித்தார்கள். நாங்கள் நெட்டையரின் நோயை எதிர்பார்த்துக் காத்திருந்தோம். வந்தது முதுகெலும்புக் காசநோய்.

அதுவரை காசம் என்றால் இருமல், சளி, இரத்தம் என்றுதான் எனக்குத் தெரியும். இவர் ஒருநாள்கூட இருமியதில்லை. கிருமி நுரையீரல் வழியாக நுழைந்து, இரத்தத்தில் பயணித்து, எலும்பில் போய்த் தங்கிவிடுமாம். இரண்டு முள்ளெலும்புகளை (முதுகெலும்பைக் கோத்திருக்கும் சிறு எலும்புகள்) அரித்துவிட்டது. அவை இடிந்து, சீழும் சேர்ந்து தண்டுவடத்தை (மூளையிலிருந்து கால்களுக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புக் கற்றை) நெரித்ததால் கால்கள் செயலிழந்தன. மருந்துக்குக் கேட்கும் நோய்தான் என்றார்கள். இரண்டு வாரம் மருந்து கொடுத்துப் பார்ப்போம், கால் இன்னும் தளர்ந்தால் அறுவைச் சிகிச்சை, அப்போதும் நடப்பார் என்று உறுதி தரமுடியாது என்றார்கள்.

எங்களைப் பார்த்துக்கொண்ட டொக்டர் ஓர் இளம் சிங்களப் பெண். தமிழை வகுப்பில் கற்றவர்போல நிதானமாகப் பேசுவார். முதல் நாளே கேட்டார், விழுந்தாரா, முதுகில் அடி பட்டதா, யாராவது உருவிவிட்டார்களா என்று. இல்லை என்றேன். கால் எப்போதிருந்து மரத்தது என்று இவரிடம் கேட்டார். விழுந்ததிலிருந்து என்றார் இவர்.

அந்த இரண்டு வாரங்களும் வாட்டுக்கு வெளியே வராந்தாவில் இருந்த வாங்கில் (பெஞ்சில்) கழிந்தன. பார்வையாளர் நேரத்தில் உள்ளே போவேன், மணி அடித்ததும் வெளியே வருவேன். என் இடது காலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. செருப்புக்குள் மறைத்து, சேலையை இழுத்து மூடி உட்கார்ந்திருப்பேன். கண்ணை மூடினால் மூன்றாவது மிதி ஞாபகம் வரும்.

உறவினர்கள் வந்தால் இவர் "ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்" என்று சொல்லச் சொன்னார். காசம் என்றால் நம் வீட்டில் யாரும் தேத்தண்ணி குடிக்கமாட்டார்கள், மகளைப் பக்கத்தில் உட்காரவைக்க மாட்டார்கள் என்று பயம். நானும் சொன்னேன். உண்மையில் எலும்பில் மட்டும் இருக்கும் காசம் பக்கத்தில் இருப்பவருக்குத் தொற்றாது. ஆனாலும் வீட்டில் எல்லோரையும் சோதித்தார்கள், சிறுமி என்பதால் மகளுக்கு முன்தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். பிறகு ஒருநாள் பிள்ளைக் காம்பராவுக்கு வந்த சுகாதார உத்தியோகத்தர் எல்லோர் முன்னிலையிலும் விவரம் கேட்க, விஷயம் வெளியானது. இரண்டு அம்மாமார் ஒரு வாரம் பிள்ளைகளை அனுப்பவில்லை. எட்டாம் நாள் அனுப்பினார்கள், ஒருத்தி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தாள். அத்தோடு அது முடிந்தது.

மருந்து தொடங்கிய பதினோராம் நாள் இவருடைய வலது காலின் பெருவிரல் அசைந்தது. இவர் அதைப் பார்த்தார், நான் பார்த்தேன், பக்கத்துக் கட்டில்காரரும் பார்த்தார். திரும்ப ஒருமுறை என்று நான் கெஞ்ச, இவர் நெற்றி வியர்க்க முயன்றார், அசைந்தது. வேகப்பந்து வீச்சில் எத்தனையோ விக்கெட் எடுத்திருக்கிறார். அந்த வாட்டு கைதட்டியதுபோல யாரும் அவருக்குக் கைதட்டியதில்லை.

அந்த மகிழ்ச்சியில்தான் எனக்குத் தைரியம் வந்தது. டொக்டர் வராந்தாவில் போனபோது பின்னாலேயே போய், கால் வைத்ததைச் சொன்னேன். மூன்று முறை, மூன்றாவதை அழுத்தி என்றுகூடச் சொன்னேன். அவர் திட்டவில்லை. வாங்கில் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்தார்.

"எலும்பு நாலஞ்சு மாசமா கரைஞ்சிருக்கு. நோய் உங்க காலால வரல்ல" என்றார். "அன்னைக்கு அது இடிஞ்சதுக்கு உங்க கால் காரணமா? இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. இனிமே யாருக்கும் மிதிக்க வேணாம்."

இல்லவே இல்லை என்று அவர் ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்று அப்போது கோபம் வந்தது. இன்று அவர்மேல் மரியாதைதான் கூடுகிறது. ஆனால் அந்த 'இருக்கலாம்' என்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது.

ஆறு வாரத்தில் இவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நெஞ்சிலிருந்து இடுப்புவரை இறுக்கும் ஒரு கவசப்பட்டி (எலும்பு சேரும்வரை முதுகை அசையாமல் வைத்திருக்கும் கட்டு), பிடித்து நடக்க ஒரு தாங்கி, ஒரு வருடத்துக்கான சிகிச்சை அட்டை. மாத்திரைகள் இலவசம், ஆனால் சுகாதார ஊழியரின் கண்முன்னே விழுங்கவேண்டும். ஆஸ்பத்திரியில் மருந்து தொடங்கிய அன்று சிறுநீர் செம்மஞ்சளாகப் போனதும் இரத்தம் என்று அலறிவிட்டார். மருந்தின் நிறம்தான் அது, பயப்படாதீர்கள். வாந்தி வரும், மூட்டு வலிக்கும், வாய் கசக்கும். நன்றாகிவிட்டது என்று தோன்றும் நாளில் நிறுத்திவிட ஆசை வரும். நிறுத்தாதீர்கள். கண் மங்கினாலோ மஞ்சளித்தாலோ மட்டும் அன்றே கிளினிக்குக்குப் போங்கள்.

நான் எல்லாம் செய்தேன். சமைத்து ஊட்டினேன், காலுக்குச் சொல்லித்தந்த பயிற்சிகளைக் காலை மாலை செய்யவைத்தேன், மலசலகூடம்வரை தோள் கொடுத்தேன். ஒன்றை மட்டும் செய்யவில்லை. அவர் முதுகைத் தொடவில்லை. கவசப்பட்டியைப் பின்னால் சரிசெய்வது, ஈரத்துணியால் முதுகைத் துடைப்பது எல்லாம் மாமியார். கொழுந்துக்குப் போய்விட்டு வந்து, களைப்போடு அவர்தான் செய்வார். எனக்குக் கை நீளும், பாதியில் நின்றுவிடும். இவரும் கவனித்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு இன்னும் உறுத்தியது.

விடிகாலையில் பழக்கதோஷத்தில் ஆட்கள் வாசலுக்கு வருவார்கள். நான் கதவைத் திறந்து, கால் வைப்பதை விட்டுவிட்டேன் என்பேன். ஒரு கிழவர் பக்கத்து டிவிஷனிலிருந்து இரண்டு மைல் நடந்து வந்தவர், ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினார். பின்னேரம் காய்ச்சல் வருமா என்று கேட்டேன். வராது என்றார். வந்தாலும் வராவிட்டாலும் படம் எடுத்துப் பாருங்கள் என்று அனுப்பினேன். கால்காரிக்குக் கர்வம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம்.

சிகிச்சையின் ஐந்தாம் மாதம் நெட்டையர் திரும்பி வந்தார். இரண்டு வருடத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளி. இவர் கட்டிலில் சாய்ந்தபடி, நான் பக்கத்தில், மகள் நடுவில், கைப்பேசியில் பார்த்தோம். எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஓடிவரும் தூரம் பாதியாகிவிட்டது. உடம்பைப் பக்கவாட்டில் முறுக்கித் துள்ளும் அந்தப் பழைய துள்ளல் இல்லை. முதுகைக் காப்பதற்காக நெஞ்சை நேராக வைத்து வீசப் பழக்கியிருந்தார்கள். கால்விரலைத் தேடிவரும் பந்து எங்கோ வழிதவறிப் போனது. மூன்றாவது ஓவரில் மெதுவான ஒரு பந்து போட்டு, அதில் ஒரு விக்கெட் எடுத்தார். அன்று மட்டும் தலையைக் குனியவில்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

இவர் அழுதுவிட்டார். "வேகம் போனாலும் வந்துட்டார் பாரு" என்றார். அடுத்த நாள் தாங்கியை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்து வாசல்வரை நடந்தார். நெட்டையருக்கு நான் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

ஆனால் அவர் மொத்தம் இரண்டு தொடர்கள்தான் ஆடினார். முதுகு திரும்பவும் முரண்டு பிடித்தது. பத்தாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் ஓய்வை அறிவித்த செய்தி வந்தது. நான் வாசலில் உட்கார்ந்து, சுளகில் அரிசி போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் பக்கத்தில் கதிரையில் இருந்து கைப்பேசியில் வாசித்தார். நெட்டையர் பேட்டியில் ஒன்றைச் சொல்லியிருந்தார். காயம் வெளியே தெரிவதற்குப் பல மாதங்கள் முன்பே வலி இருந்ததாம். சொன்னால் இடம் போய்விடும் என்று அணி வைத்தியரிடம் மறைத்தாராம். என் முதுகை நான்தான் உடைத்தேன் என்ற பொருளில் சொல்லி, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டிருந்தார்.

வாசித்து முடித்து இவர் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். நெட்டையர் ஓய்வு பெற்ற துக்கம் என்று நினைத்துச் சும்மா விட்டேன்.

"சாந்தி, அன்னைக்கு நீ மிதிக்கறதுக்கு முன்னாடியே எனக்குக் கால் வெரலு மரத்துப் போயிருந்துச்சு."

சுளகு என் மடியில் அப்படியே இருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"பத்து நாள் இருக்கும். செருப்புக் கழண்டு விழுந்தாக்கூட தெரியாது. படியில ரெண்டு தடவ தடுக்குச்சு."

"டொக்டர் கேட்டப்போ?"

"பொய் சொன்னேன். மொதல்லயே தெரிஞ்சும் ஆடப் போனேன்னா ஏசுவாங்கன்னு. அப்புறம் நீ எம் முதுகப் பாக்கவே பயந்தப்போ சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு. நாளாக ஆக இன்னும் சொல்ல முடியாமப் போச்சு."

அரிசியை அங்கேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் பிள்ளைக் காம்பராவைத் திறந்து, காலி ஊஞ்சல்களுக்கு நடுவே உட்கார்ந்து ஆத்திரம் தீர அழுதேன். பத்து மாதம். பத்து மாதமும் அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். ஒரு போட்டிக்காகக் காலை மறைத்தவர், ஒரு வெட்கத்துக்காக என்னையும் வதைத்துவிட்டார். நோயாளியிடம் கோபப்படலாமா என்று கேட்பீர்கள். தாராளமாகப் படலாம். நான் பட்டேன்.

மூன்று நாள் இவரோடு நான் பேசிய ஒரே சொல் "மாத்திரை". தட்டை வைப்பேன், மாத்திரை என்பேன், போய்விடுவேன். மகள் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். மாமியார் விஷயம் தெரிந்து மகனுக்கு நன்றாகக் கொடுத்தார். வெந்துபோன பயலே என்று ஆரம்பித்து, லயத்தின் கடைசிக் காம்பராவரை கேட்கும்படி ஏசினார். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

அவர் சொன்னதால் என் கால் சுத்தமாகிவிடவில்லை என்பதும் எனக்குத் தெரியும். மரத்த கால்களோடு படுத்தவர் முதுகில் நானும் மிதித்தேன்தான். டொக்டரின் 'இருக்கலாம்' இன்னும் 'இருக்கலாம்'தான். ஆனால் அதைத் தூக்குவதற்கு இப்போது இரண்டு பேர் இருந்தோம். பாரம் குறைந்ததோ இல்லையோ, தனியாகத் தூக்கவில்லை.

நாலாம் நாள் கிளினிக். இருவரும் பதுளைக்குப் போனோம். எக்ஸ்ரேயைப் பார்த்து, அரித்த இரண்டு எலும்பும் ஒன்றாகச் சேர்ந்து உறைந்துவிட்டன என்றார்கள். இனிக் கவசப்பட்டி தேவையில்லை, மாத்திரை இன்னும் இரண்டு மாதம். ஓடக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, பந்து வீசவே கூடாது. டொக்டர் சொன்னபோது இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு தானாகவே, கால் எப்போது மரத்தது என்ற உண்மையையும் சொன்னார். டொக்டர் இவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை எடுத்துப் பழைய குறிப்பைத் திருத்தினார்.

நோய் வருமுன் பதுளைக்கு வந்தால் இவர் முன்னால் விறுவிறுவென்று போக, நான் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போவேன். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் நிலையம் போவதற்குள் அவர் இரண்டு இடத்தில் நின்றார். எங்கள் கண்முன்னே பசறை பஸ் கிளம்பிப் போனது. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணிநேரம். நாங்கள் அவசரப்படவில்லை, யாரையும் கோபிக்கவில்லை. கடலை வாங்கித் தின்றுகொண்டு நின்றோம். அப்போதுதான் கவனித்தேன், அவர் கொஞ்சம் குட்டையாகியிருந்தார். முன்பு அவர் தாடைக்குத்தான் என் தலை வரும். இப்போது காதோரம் வந்தது. நெட்டையாக இருந்த காலத்தில் அவர் காதில் எதையாவது சொல்லவேண்டுமென்றால் எக்கவேண்டும்.

இவருக்கு ஸ்டோரில் உட்கார்ந்து செய்யும் வேலை தருவதாகத் தோட்ட மேலாளரான துரை சொல்லியிருக்கிறார். காலம் இப்போது ஓவர் கணக்கில் போவதில்லை. கிளினிக் நாள், மாத்திரை நாள், இன்று எத்தனை படி ஏறினார், அவ்வளவுதான். மெதுவாகப் போகிற நாட்களில் எத்தனை விஷயம் கண்ணில் படுகிறது என்று முன்பு தெரியாது.

மறுநாள் காலை மாமியார் பெரட்டுக்குப் போய்விட்டார். கவசப்பட்டி இல்லாமல் முதல் குளியல். பீலித் தண்ணீர் (மலையிலிருந்து குழாயில் விழும் ஊற்றுநீர்) ஐஸாக இருக்கும் என்பதால் வெந்நீர் போட்டு, வாளியில் விளாவி, பின்வாசல் வெயிலில் முக்காலி போட்டு உட்காரவைத்தேன். அவர் முன்பக்கம் தானே தேய்த்துக்கொண்டார். பிறகு சோப்பைத் தோளுக்கு மேலே பின்னால் நீட்டினார்.

முதுகு முழுவதும் பட்டியின் தழும்பு கோடுகோடாக இருந்தது. இடுப்புக்கு மேலே, எலும்பு மடிந்து சேர்ந்த இடத்தில் ஒரு சின்ன மேடு. உள்ளங்கையை வைத்தால் சரியாக மூடும் அளவு. வைத்தேன். சூடாக இருந்தது. அவர் மூச்சு விடும்போது அந்த இடமும் கூடவே மெல்ல ஏறி இறங்கியது.

"வலிக்கல" என்றார்.

நான் தேய்க்கவில்லை. கையை அப்படியே வைத்திருந்தேன். சோப்பு நுரை முதுகிலேயே காய ஆரம்பித்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மேலே பெரட்டுக் களத்தில் ஆட்கள் கலைந்து போகும் சத்தம் கேட்டு அடங்கிவிட்டது.

"தண்ணி ஆறிப்போச்சு சாந்தி" என்றார்.

"இருங்க" என்றேன்.